சக்கரம் கழன்ற நீலப் பெட்டி

பட்டச் சான்றிதழைக் கண்டாலே சூட்கேஸ் கடை மேலாளர் இரண்டடி பின்வாங்கினாள். போன தடவை புகார் மேசை வேலைக்கு அவள் பொறுக்கியெடுத்தவன் பல்கலைக்கழகத்திலேயே முதல் மாணவன். ஜிப் அறுந்த பையோடு ஒருவர் வந்து கத்தியதும் கழிப்பறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டான். கெஞ்சிக் கூத்தாடித்தான் வெளியே வரவழைத்தார்கள்.

"இந்தத் தடவை பேப்பரைப் பார்க்காதே, ஆளைப் பாரு" என்றார் முதலாளி.

ஆளைப் பார்க்க, வாடிக்கையாளர் மாதிரி வந்து கத்துவதற்கு ஒரு சண்டைக்காரி வேண்டும். அதற்கு ஊரெல்லாம் தேடுவானேன்? கூடப் பிறந்த அக்கா இருக்கிறாளே! தெருவோடு போகிற சண்டையை வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பவள்.

"நிஜமாவே கத்தலாமா? அப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாது" என்று துள்ளிக் குதித்தாள் அக்கா. சக்கரம் கழன்ற நீலப் பெட்டி ஒன்றையும் வீட்டிலிருந்தே இழுத்து வந்தாள். பரபரப்பில் மேலாளர் அதைக் கவனிக்கவில்லை. தடுப்புத் தட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டாள்.

வேலை கேட்டு முதலில் வந்த இளைஞன், "வாரண்டி கார்டு எங்கே?" என்றான். அக்கா குரலை ஒரு படி ஏற்ற, அவன் இரண்டு படி ஏற்றினான். யார் வாடிக்கையாளர் என்று வாசலில் நின்றவர்களுக்கே சந்தேகம் வந்துவிட்டது. அடுத்து வந்தவர் நேர்மாறு. அக்கா மூச்சு விடுவதற்குள் புதுப் பெட்டி, கூடவே கைப்பை, வீட்டுக்காரருக்கு ஒரு பெல்ட் என்று வாரி வழங்கினார். அவரை வைத்துக்கொண்டால் முதலாளி தலையில் துண்டுதான்.

மூன்றாவதாக வந்த பெண் இரட்டைப் பட்டம். மேலாளர் கண்ணை மூடிக்கொண்டாள்.

"உட்கார்ந்து திட்டுங்கம்மா. நின்னுக்கிட்டே திட்டினா கால் வலிக்கும்."

அக்கா உட்கார்ந்து திட்டினாள். அந்தப் பெண் குறுக்கே பேசாமல் பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தாள்.

"படிக்கட்டுல தரதரன்னு இழுத்த மாதிரி இருக்கே. நீங்களாம்மா இழுத்தீங்க?"

"நானா? என் பொருளை நான் பூ மாதிரி வெச்சிருப்பேன்! எல்லாம் கொண்டுபோனவ பண்ண வேலை." நாடகம் மறந்துபோய் அக்காவின் குரல் கம்மியது. "ஆசையா வாங்கினது. தங்கச்சியாச்சேன்னு ஊருக்குப் போகக் குடுத்தேன். உடைச்சுட்டு, ஒரு வார்த்தை சொல்லாம, நான் இல்லாத நேரமாப் பார்த்துக் கட்டிலுக்கு அடியில தள்ளிட்டுப் போயிட்டா."

தட்டிக்குப் பின்னால் மேலாளர் முகத்தில் ஈயாடவில்லை.

"சக்கரத்தை மாத்திடலாம்மா. ஆனா உங்க கோபம் சக்கரத்து மேல இல்லையே. அதுக்குத் தங்கச்சிதான் வரணும்."

"அவளா? வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடும்!"

மேலாளர் எழுந்த வேகத்தில் தட்டி சரிந்து விழுந்தது. "தப்புதான்க்கா. சொன்னா திட்டுவியேன்னு பயந்துட்டேன்."

"சொல்லலைன்னா விட்டுடுவேனா?"

அந்தப் பெண் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். சிரிப்பு வந்திருக்க வேண்டும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பழுது பார்ப்பவரிடம் போய்விட்டாள்.

சக்கரம் மாட்டி முடியும்வரை அக்கா திட்டினாள். மேலாளர் தலையைத் தொங்கப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். வேலை யாருக்கு என்பதை முதலாளியின் அறைக்குள் தலையை நீட்டிச் சொன்னதுகூட அக்காதான்.