முன் அறையில் தங்கிப்போன குறட்டை

1954ஆம் ஆண்டு மாசி மாதம், கோமாரிக்கு வடக்கே கடலோரத்தில் கிடக்கும் புன்னைமுனைக் கிராமத்தில், ஸாலிஹாவின் விடுதியில் ஒரு கிழமை தங்கிப்போன திருவாளர் றெஜினோல்ட் அழகரெத்தினம், தன்னுடைய குறட்டையை முன் அறைக் கட்டிலிலேயே விட்டுவிட்டுப் போனார். அந்த வருசம் தேங்காய் மலிவு, கருவாடு விலை.

குறட்டை தங்குவது அந்த வீட்டுக்குப் புதிதல்ல. ஒல்லாந்தர் உப்பு அடுக்கி வைக்கக் கட்டிய வீடு. சுவரின் தடிப்பு ஒரு முழத்துக்கு மேல். உள்ளே போன சத்தம் லேசில் வெளியே வராது. புருசன் மவுத்தான பிறகு ஸாலிஹா அதில் வழிப்போக்கருக்குப் படுக்கையும், காலையில் இடியப்பமும் சொதியும் பொரித்த பாரை மீனும் கொடுத்துப் பிழைத்தாள். ஆட்கள் போவார்கள், குறட்டை இரண்டொரு நாள் கிடக்கும். அதை அனுப்புகிற முறையும் எல்லாருக்கும் தெரிந்ததுதான்: உரியவர் வந்து, "இது என்ட" என்று வாயால் சொன்னால் அவர் பின்னாலேயே போய்விடும். பொத்துவில் மாட்டு வியாபாரி பக்கீர் முகைதீனுக்கு ஒருமுறை ஆள் அனுப்பியபோது, அவர் வாசலில் நின்று வயிறு குலுங்கச் சிரித்து, "ஓம் புள்ள, என்டதான், என்ட பொஞ்சாதிக்கிட்டக் கேட்டுப்பாரு" என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போனார்.

அழகரெத்தினம் வேறு சாதிச் சரக்கு. கல்முனை மெதடிஸ்ட் கோயிலில் முன்வரிசை வாங்கு அவருக்கு. காணிக் கந்தோரில் தலைமை எழுதுவினைஞராக இருந்து இளைப்பாறியவர், சமாதான நீதவான், பெயருக்குப் பின்னால் எழுதிய எழுத்துகள் பெயரைவிட நீளம். கிழக்குக் கரையின் ஒல்லாந்தர் சரித்திரத்தை எழுதப்போவதாகக் கறுப்புக் கோட்டோடும் வெள்ளிப்பூண் பிரம்போடும் வந்து இறங்கினார். முன் அறைக் கட்டிலைத் தடவிப் பார்த்து, ஒல்லாந்தத் தேசாதிபதி ஒருவர் துயின்ற மஞ்சம் என்றார். அது ஸாலிஹாவின் கலியாணத்துக்கு மருதமுனை ஆசாரி செய்த கட்டில். பெரிய மனுசர் சொல்லும்போது குறுக்கே கதைப்பது மரியாதையில்லை என்று அவள் தலையணையைத் தட்டிப் போட்டாள். 'சரித்திரப் புகழ்வாய்ந்த ஒல்லாந்தர் மாளிகை' என்று பலகை போடவும் அவர்தான் கட்டளையிட்டார். அதைப் பார்த்து வந்தவர்கள் மாளிகையைத் தேடிக் கடற்கரை வரை போய்விட்டுத் திரும்பி வந்து, "எங்க புள்ள மாளிகை?" என்று கேட்டார்கள்.

அவர் விட்டுப்போன குறட்டை லுஹர் தொழுகை முடிந்து ஊர் சாப்பிட்டுச் சாயும் நேரத்தில் தொடங்கி பின்னேரம் அஸர் பாங்கு வரை நடக்கும். முதலில் ஒரு செருமல், பிறகு மனு வாசிப்பதுபோல நீளமான ஓட்டம், பிறகு கொஞ்சம் மவுனம், கடைசியில் மனுவைத் தள்ளுபடி செய்வதுபோல ஒரு 'ம்ஹும்'. மாதங்கள் போயும் அது தேயவில்லை. ஆரம்பத்தில் ஸாலிஹா அதைப் பெரிதாக எடுக்கவில்லை. அந்தப் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மகளுக்குக் கலியாணமானால் மருமகன் வந்து குடியேறுவான், தாய் பின்வளவுக் குடிலுக்கு ஒதுங்குவாள். அவளுடைய ஒரே மகள் றாஹிலாவுக்குச் சீதனமென்று சொல்ல இருந்தது அந்த வீடு ஒன்றுதான். சம்பந்தம் பேச வருகிறவர்கள் வீட்டைப் பார்க்காமல் பெண்ணைப் பேசுவதில்லை என்பது அடுத்த வருசம்தான் அவளுக்கு உறைத்தது.

கல்முனையில் புடைவைக் கடை வைத்திருந்த சீனிமுகம்மது, அட்டாளைச்சேனையில் ஆசிரியர் பயிற்சி முடித்த தன் மகன் அப்துல் ஹமீடுக்காக, பொஞ்சாதியோடு வீடு பார்க்க வந்தார். வந்தது பகல் சாப்பாட்டுக்குப் பிறகு. சுவரைத் தட்டிப் பார்த்தார், கிணற்றை எட்டிப் பார்த்தார், சர்பத் கோப்பையைக் கையில் எடுத்தார். அப்போது முன் அறையில் செருமல் கேட்டது.

"உள்ளுக்கு ஆரு மச்சி படுத்திருக்கிற?" என்றாள் மாப்பிள்ளையின் தாய்.

"ஒருத்தரும் இல்ல மச்சி."

"ஒருத்தரும் இல்லாமத்தான் இந்த இழுவை இழுக்குதா?"

கதவைத் திறந்தார்கள். கட்டில் வெறுமையாக இருந்தது, தலையணையில் மட்டும் ஒரு குழி. ஆள் இருந்திருந்தாலும் காரியம் இவ்வளவு கெட்டிருக்காது. வழிப்போக்கன் என்று சொல்லியிருக்கலாம். ஆள் இல்லாதபடியால் யன்னலால் பாய்ந்து ஓடிவிட்டான் என்று ஆயிற்று. ஆம்பிளை இல்லாத வீட்டில், குமர்ப்பெண் இருக்கும் வீட்டில், பகல் நேரத்தில். சர்பத் அப்படியே இருந்தது. பொழுதுபட்டு மஃரிப் பாங்கு கேட்கமுன் செய்தி ஊர் முழுக்கப் போய்விட்டது, அதற்குள் ஓடியவனுக்கு மீசையும் முளைத்துவிட்டது. மனுசர் விட்டுப்போன சத்தம் என்று ஊருக்குத் தெரியாதா என்றால், தெரியும். தெரிந்த விசயத்தைவிடப் புதுக் கதை ருசி, அவ்வளவுதான்.

ஸாலிஹா முக்காட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு பஸ் ஏறிக் கல்முனைக்குப் போனாள். அழகரெத்தினம் சாய்மனைக் கதிரையில் இருந்துகொண்டு, அவளை நிற்கவைத்தே விசாரித்தார்.

"ஐயா, ஒரு சொல்லுத்தான். 'என்ட' எண்டு செல்லிப்போட்டா அது வந்திரும். என்ட புள்ளட வாழ்க்கை அதிலதான் கிடக்கு."

"என்ன கதை கதைக்கிறாய்? எங்கட பரம்பரையில நாலு தலைமுறையா ஒருத்தரும் குறட்டை விட்டதில்லை. நான் சமாதான நீதவான். குறட்டை விடுறவனை எப்படி நீதவானாப் போடுவாங்கள்?"

திரைக்குப் பின்னால் தேத்தண்ணி கொண்டுவந்த அவருடைய மனைவி நேசரட்ணமும் அதைக் கேட்டாள். முப்பது வருசமாக அந்தச் சத்தம் பக்கத்து ஆலையின் நெல்லுக்குத்தும் மெசின் என்றே அவளுக்குச் சொல்லப்பட்டிருந்தது. ஆலைக்கு ஞாயிற்றுக்கிழமை லீவாச்சே என்று அவள் ஒருநாளும் திருப்பிக் கேட்டதில்லை. அன்றும் தேத்தண்ணியை வைத்துவிட்டுக் குசினிக்குத் திரும்பிப் போனாள்.

பள்ளிவாசலை நிருவகிக்கும் மரைக்காயர்மார் விசாரணைக்கு வந்து முன் அறையில் பாய் விரித்து இருந்தார்கள். ஸாலிஹாவின் வாக்குமூலம் முடிந்ததும் கட்டிலிலிருந்து 'ம்ஹும்' என்று வந்தது. தாங்கள் சொல்ல இருந்த தீர்ப்பும் அதுவாகவே இருந்தபடியால் எழும்பிப் போனார்கள். அதன் பிறகு விடுதிக்கு வருவோர் குறைந்தார்கள். வந்த ஒன்றிரண்டு பேரும் பலகையைப் பார்க்க வரவில்லை, றாஹிலாவைப் பார்க்க வந்தார்கள். ஸாலிஹா அவர்களை வளவு கூட்டும் தும்புத்தடியால் அனுப்பினாள். றாஹிலா கிணற்றடிக்கும் பகலில் போவதை விட்டாள். மூன்று வருசம், அவளோடு ஓதிய பெட்டைகள் எல்லாம் கைப்பிள்ளையோடு திரிய, அவள் யாரோ ஒரு கிழவனின் பகல் நித்திரைக்குக் காவல் இருந்தாள். சில நாள் கதவைத் திறந்து, "வெக்கமில்லையா உங்களுக்கு?" என்று கேட்பாள். குறட்டை தன் மனுவை வாசிக்கும்.

1957இல் மார்கழி வெள்ளம் வந்தது. வயலும் பாதையும் போயின. கல்முனையில் அழகரெத்தினம் காய்ச்சலில் காலமானார். இரங்கற்பா அச்சடித்தார்கள், அதில் இல்லாத குணமே இல்லை. அவர் எழுதப்போன சரித்திரத்தில் எழுதப்பட்டிருந்தது முன்னுரை மட்டும். அவர் செத்த அன்றும் புன்னைமுனையில் அவருடைய குறட்டை நேரத்துக்குத் தொடங்கி நேரத்துக்கு முடிந்தது.

பாதை திறந்து பஸ் ஓடத் தொடங்கியதும் நேசரட்ணம் வெள்ளைச் சீலையோடு வந்து இறங்கினாள். தனக்கு முன் அறை வேண்டும் என்றாள். "வீட்டில நித்திரை வருகுதில்ல, தங்கச்சி. சரியான அமைதி." ஸாலிஹாவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன, என்றாலும் வாசலில் நின்ற பெண்பிள்ளையைத் திருப்பி அனுப்பவில்லை, இடியப்பம் வைத்தாள், பிறகு மரைக்காயர்மாருக்கு ஆள் அனுப்பினாள்.

அன்று பகல் ஊரே யன்னலில் தொங்கியது. செருமல் எழுந்தது. நேசரட்ணம் கட்டிலருகே கதிரையைப் போட்டு, கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, முப்பது வருசம் சொல்லிப் பழகிய குரலில் சொன்னாள்: "இஞ்சால திரும்பிப் படுங்க."

குறட்டை நின்றது. கட்டில் கிறீச்சிட்டது. தலையணைக் குழி மற்றப் பக்கம் மாறியது. பிறகு சத்தம் தணிந்து, மூக்கால் வருவதுபோல ஓடியது.

"என்ட மனுசன்தான்," என்றாள் நேசரட்ணம். "அண்டைக்கே செல்லியிருக்கணும். அவருக்கு முன்னால வாய் வரல்ல."

மரைக்காயர்மார் தொண்டையைக் கனைத்து, தாங்கள் முதலிலேயே சந்தேகப்பட்டதாகச் சொன்னார்கள். கூட்டிக்கொண்டு போக முடியுமா என்று ஒருவர் கேட்டார். முடியாது, அவர் வாயால் வரவேண்டிய சொல், அந்த வாய் மண்ணுக்குள். அறை யாருடையது என்று பார்த்தால் றாஹிலாவின் சீதனம். எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். "அந்த மாமி இருக்கட்டும். அவங்கட மனுசனும் கிடக்கட்டும்," என்றாள் அவள்.

செய்தி கல்முனைக்கும் போய், ஒரு கிழமை கழியமுன் சீனிமுகம்மது மகனோடு வந்து நின்றார். சாப்பாடு பலம், இருவரும் விறாந்தைப் பாயில் அயர்ந்தார்கள். எழும்பியபோது திரைக்குப் பின்னாலிருந்து றாஹிலா கேட்டாள்: "இப்ப குறட்டை விட்டது ஆரு?"

"எங்கட குடும்பத்தில ஒருத்தரும்…" என்று சீனிமுகம்மது தொடங்கினார்.

"சும்மா இருங்க வாப்பா, உங்கடயும் கேட்டிச்சு," என்றான் ஹமீட். பிறகு திரையைப் பார்த்து, "என்ட. பெருசா விட்டனா?"

"ஓம்," என்று சிரித்தாள் றாஹிலா. மூன்று வருசத்துக்குப் பிறகு அந்த வீட்டில் ஒருவர் சிரித்தது அப்போதுதான்.

நோன்புப் பெருநாளுக்குப் பிறகு நிக்காஹ் நடந்தது. பகல் வேளை. நிக்காஹ் நடத்த வந்த லெப்பை சபையில் சீதனத்தைச் சத்தமாகச் சொன்னார்: கடலைப் பார்த்த வீடும் வளவும், கிணறு ஒன்று, காய்க்கும் தென்னைகள், முன் அறையில் விதவை நேசரட்ணம் சீவிய காலம் முழுதும் தங்கும் உரிமை, அதே அறையில் காலஞ்சென்ற அழகரெத்தினத்தின் குறட்டை, லுஹருக்குப் பின் அஸர் வரை. உள்ளே அது ஓடிக்கொண்டிருந்தது. லெப்பை அது ஒரு மூச்சு முடியும் மட்டும் பொறுத்து, சம்மதம் கேட்டு மாப்பிள்ளையைப் பார்த்தார். கபூல் என்றான் ஹமீட்.