அசையாத ஊசி

ஊசி அசையவில்லை, கண்ணாடிக்குள் எண்ணெயில் மிதந்தபடி, தூங்குகிற குழந்தையின் விரலைப் போல ஒரே பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது, வள்ளம் அலைக்கு அலை ஏறி இறங்குகிறது, மேலே சூரியன் எந்த மூலையில் இருக்கிறதென்றே தெரியாத சாம்பல் வானம், விடாத தூறல், சுக்கானைப் பிடித்திருக்கும் சந்தியாகு அண்ணன் திசைகாட்டிப் பெட்டியைக் குனிந்து பார்த்து, இன்னைக்குத்தாம்லே இது ஒழுங்கா நிக்கி, என்கிறார், எனக்கும் அது ஆறுதலாகவே இருக்கிறது, ஏனென்றால் வள்ளத்தின் முன்முனையில், அணியத்தில், இஞ்ஞாசி படுத்திருக்கிறான், வலையில் ஏறிய திருக்கை வாலைச் சுழற்றி அவன் தொடையில் முள்ளை இறக்கிவிட்டது, என் கைலியைக் கிழித்து இறுக்கிக் கட்டியும் ரத்தம் நிற்கவில்லை, உடம்பு அனலாய்க் கொதிக்கிறது, கரைக்குப் போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தால்தான் பிழைப்பான், வலையை இழுத்து ஏற்றக்கூட நேரமில்லாமல் சந்தியாகு அண்ணன் கத்தியை எடுத்துக் கயிற்றை அறுத்துவிட்டார், அவருடைய வலை, கடன்பட்டு வாங்கிய புது வலை, நான் அவர் முகத்தையே பார்த்தேன், என்னல பாக்க, வல போனா பின்னிக்கிடலாம், இவனப் போகவிட்டா யாருலே பின்னுவா, என்றார், இயந்திரத்தை முடுக்கு என்றார், நான் முடுக்கினேன்.

வள்ளத்தைத் திருப்பக்கூட வேண்டியிருக்கவில்லை, மூக்கு கரையைப் பார்த்தே நிற்கிறது என்று ஊசி காட்டியது, மாதாவே திருப்பி வச்சிருக்காலே, என்று அண்ணன் சிலுவை போட்டுக்கொண்டார், மாதா என்றால் திசைகாட்டிக்குப் பக்கத்தில் நிற்கிற சுரூபம், விரல் நீளம்தான், நீல முக்காடு, இஞ்ஞாசியின் மனைவி பிலோமி திருவிழாக் கடையில் வாங்கியது, காரின் முன்பக்கம் வைக்கிற வகை, அடியில் வட்டமாக ஒரு காந்தம், நம்மட்ட கார் ஏது, வள்ளமும் வண்டிதான என்று சொல்லி அவன் பைக்குள் வைத்து அனுப்பியிருந்தாள், காலையில் வானம் கறுத்தபோது இஞ்ஞாசி அதை எடுத்து உதட்டில் வைத்து முத்தி செய்து, பெட்டியை ஒட்டியிருந்த இரும்புத் திருகாணியின் தலையில் வைத்தான், டப் என்று பிடித்துக்கொண்டது, இழுத்துப் பார்த்தான், வரவில்லை, பாத்தியளாண்ணே, பிலோமி மாதிரியே, ஒட்டுனா விடமாட்டா, என்று சிரித்தான், அண்ணன் சும்மா இருப்பாரா, அவள ஏம்லே சொல்லுத, நீதாம்ல இரும்புத்துண்டு, கடலுக்குள்ள வந்தும் மூஞ்சி கரையப் பாத்துல்லா கெடக்கு, என்றார், நாங்கள் மூவரும் சிரித்தோம், அந்தச் சிரிப்பு இன்னும் எனக்குக் கேட்கிறது, அதற்குள் தூறலின் சத்தமும் கலந்திருக்கிறது, எது முதலில் வந்தது என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியாது.

தூறலுக்குள் நான் ஓடுகிறேன், இல்லை, அது கடல் அல்ல, எங்கள் ஊர்க் கடற்கரை, எனக்குப் பத்து வயது இருக்கும், உடைந்த ரேடியோவிலிருந்து கழற்றிய காந்தத்தை நூலில் கட்டி மணலில் இழுத்துக்கொண்டு ஓடுகிறேன், கறுப்பு மணல் மட்டும் எழுந்து வந்து காந்தத்துக்கு மீசை முளைக்கிறது, தாடி முளைக்கிறது, வெள்ளை மணல் கிடந்த இடத்திலேயே கிடக்கிறது, பின்னால் ஓடிவரும் என் தங்கை, ஏன் அண்ணே, வெள்ள மண்ணுக்கு மட்டும் காது கேக்காதா, என்கிறாள், பள்ளியில் சொன்னதை நான் அவளுக்குச் சொல்கிறேன், பூமியே ஒரு பெரிய காந்தம் பிள்ள, அது ஊசியக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கும், அவள் மணலில் காதை வைத்துப் படுத்துக் கேட்கிறாள், ஒண்ணும் கேக்கலையே, என்கிறாள், ஏலே, ஏலே, அங்க பாரு, என்று அவள் கத்துகிறாள், கத்தியது அவளல்ல, சந்தியாகு அண்ணன்.

அவர் கை நீட்டிய இடத்தில், தூறலுக்குள், எங்கள் மிதவைகள் ஆடிக்கொண்டிருந்தன, சிவப்புத் துணி கட்டிய கம்பு, அது அவர் மகளின் பழைய பாவாடைத் துணி, ஊரில் வேறு யாரிடமும் அந்தச் சிவப்பு கிடையாது, அறுத்துவிட்ட வலை எங்களுக்கு முன்னால் கிடந்தது, இவ்வளவு நேரமும் நேராகப் போகிறோம் என்று நம்பி நாங்கள் வட்டமடித்திருக்கிறோம், டீசலில் பாதி போய்விட்டது, அணியத்திலிருந்து இஞ்ஞாசி, கர தெரியுதாண்ணே, என்று கேட்டான், அந்தக் குரலில் பாதிதான் அவன் குரல், இந்தா வந்துட்டு மக்கா, என்றார் அண்ணன்.

நான் பெட்டியைப் பார்த்தேன், அண்ணே, சுக்கானத் திருப்புங்க, என்றேன், எந்தப் பக்கம்ல, என்றார், எந்தப் பக்கமோ, சும்மா ஒடிச்சுத் திருப்புங்க, என்றேன், வள்ளம் சாய்ந்து திரும்பியது, முழுவதுமாகத் திரும்பியது, ஊசி அசையவில்லை, நாங்கள் எங்கே திரும்பினாலும் அதுவும் எங்களோடு சேர்ந்து திரும்பி, கரை இந்தப் பக்கம்தான் என்று சொல்லிக்கொண்டே இருந்தது, உலகத்துக் காந்தம் தூரத்திலிருந்து மெல்லக் கூப்பிட, பக்கத்துக் காந்தம் ஊசியின் காதில் கத்திக்கொண்டிருக்கிறது, திசைகாட்டிக்கு அருகில் மீன் வெட்டுகிற கத்தியை வைத்தால்கூட அண்ணன் கையில் அடிப்பார், அதெல்லாம் அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும், ஆனால் மாதாவை யார் இரும்போடு சேர்த்து நினைப்பார்கள்.

அண்ணனுக்கும் அந்த நொடியில் புரிந்துவிட்டது, ஆனால் அவர் கை சுரூபத்தின் அருகே போய் நின்றுவிட்டது, இந்த நேரத்துலயா மாதாவ எடுக்கச் சொல்லுத, எடுத்து அவனுக்கு ஒண்ணு ஆயிட்டுன்னா நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு கோயிலுக்குப் போவேன், என்றார், புயலில் பாய்மரம் ஏறியவர் அவர், அவர் அஞ்சி நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான், எனக்கோ ஏனென்று தெரியாத ஒரு துணிவு வந்தது, அண்ணே, மாதாவும் ஒரு தாய்தான, நோவுல கெடக்குற பிள்ளைகிட்ட போகணும்னுதான அவளுக்கும் இருக்கும், இங்க நிக்கவா வந்தா, என்றேன், அவர் என்னைப் பார்த்தார், பிறகு தொப்பியைக் கழற்றினார், நான் இரண்டு கையாலும் சுரூபத்தைப் பிடித்து நகர்த்தி எடுத்தேன், மழையில் வழுக்கும் பலகையில் உட்கார்ந்தும் தவழ்ந்தும் அணியத்துக்குப் போய் இஞ்ஞாசியின் கையில் வைத்து விரல்களை மூடினேன், பிலோமியா, என்றான், இல்லடே, மாதா, என்றேன், ரெண்டு பேரும் ஒண்ணுதான், என்று முனகினான், பின்னாலிருந்து அண்ணன் அழுகிற குரலில், ஆடுதுலே, ஊசி ஆடுது, என்று கூவினார்.

கரை எங்கள் முதுகுப் பக்கம் இருந்தது, திருப்பினோம், இப்போது ஊசி ஒவ்வோர் அலைக்கும் நடுங்கியது, நடுங்கி நடுங்கிச் சரியான இடத்துக்கே வந்தது, வழியில் அண்ணன் ஒன்றே ஒன்றுதான் சொன்னார், பிலோமிட்ட சொல்லிராத, அவ ஆசையா குடுத்துவிட்டது, கேட்டா செத்துருவா, நான் தலையசைத்தேன், உண்மையை மறைப்பது பாவமா என்று பிறகு பல பூசைகளில் என்னையே கேட்டிருக்கிறேன், ஒருநாளும் என் நெஞ்சு உறுத்தியதில்லை, இழுத்துப் பிடிப்பதை மட்டுமே அன்பென்று நினைத்திருந்த எனக்கு, விலகி வழிவிடுவதும் அன்புதான் என்று அன்று அந்தத் தாய்தான் காட்டினாள், அந்தச் சுரூபத்தைத் தந்தவள் மேல் எப்படிக் குற்றம் சுமத்துவேன்.

மழைக்குள் கோயில் கோபுரம் தெரிகிறது, கரை முழுக்க ஆட்கள், பிலோமி இடுப்பளவு தண்ணீருக்குள் இறங்கி வந்துவிட்டாள், அண்ணே, மாதா எங்க நின்னா, பக்கத்துலயே நின்னாளா, என்று அதைத்தான் முதலில் கேட்கிறாள், சந்தியாகு அண்ணன் கண் சிமிட்டாமல், அவன் கையிலதாம் இருந்தா தங்கச்சி, அவதான் கொண்டாந்து சேத்தா, என்கிறார், அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை, இஞ்ஞாசி பிழைத்தான், இன்றும் சற்றே காலை இழுத்து நடக்கிறான், அதெல்லாம் பிறகு, இப்போது அவனைப் பலகையில் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம், கரையில் ஏற்றிவைத்த வள்ளங்கள் வழியை மறிக்கின்றன, இடப்பக்கம் திரும்புகிறோம், வலப்பக்கம் திரும்புகிறோம், கூட்டத்துக்காகப் பலகையையே முன்பின்னாகச் சுற்றுகிறோம், பிலோமி ஒருமுறை இந்தப் பக்கமும் ஒருமுறை அந்தப் பக்கமுமாகத் தள்ளப்படுகிறாள், கண் மூடிக் கிடக்கிற இஞ்ஞாசியின் முகம், நாங்கள் எப்படித் திருப்பினாலும், மெல்ல நடுங்கி, தடுமாறி, அவள் இருக்கும் பக்கமே வந்து நிற்கிறது.