ஒரு சொட்டு எண்ணெய்

"இந்தப் பஞ்சை இங்க யார் போட்டது?" என்று மெர்வின் ஹாலிலிருந்து கத்தியபோது நான் அடுப்படியில் அச்சு முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தேன். வீட்டில் இருப்பதே நானும் அவரும்தான். கேட்பவர் போடவில்லை என்றால் போட்டது யார் என்று கண்டுபிடிக்க போலீஸ் நாயா வர வேண்டும்? ஆனாலும் என் வீட்டுக்காரர் அப்படித்தான் கேட்பார். காணாமல் போன சாவியை "யார் எடுத்தது" என்று கேட்டுவிட்டு, தன் சட்டைப் பையிலிருந்தே எடுத்துக்கொள்கிற ஆள்.

அடுப்பை அணைத்துவிட்டு வந்து பஞ்சை வாரினேன். கிறிஸ்துமஸ் மரம் என்று ஒன்று வைத்தால் அடியில் பஞ்சைப் பரப்பிப் பனி என்று சொல்லிக்கொள்ள வேண்டும், அது எங்கள் வழக்கம். செம்பாக்கத்தில் எந்தக் காலத்தில் பனி கொட்டியது என்று கேட்கக்கூடாது. டிசம்பரில் ஏரி நிரம்பி வீட்டுக்குள் வராமல் இருந்தாலே ஸ்தோத்திரம். ஆனால் மெர்வினுக்குப் பஞ்சு ஜென்ம விரோதி. மரத்தைச் சுற்றித் தண்டவாளம் போட்டு அவர் ஓட்டுகிற பொம்மை ரயிலின் சக்கரத்தில் ஒரு இழை சுற்றிக்கொண்டால் போதும், எஞ்சின் நின்றுவிடும். பொம்மை என்று நான் சொல்கிறேன். அவர் காதில் விழுந்தால் அதற்கு ஒரு சண்டை உண்டு. "அது மாடல், எப்சி. நிஜ எஞ்சின்ல என்ன இருக்கோ அதெல்லாம் இதுலயும் இருக்கு."

எஞ்சின் என் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் நீளம். வாங்கும்போது வேறு ஏதோ நிறத்தில் இருந்ததை இவரே நம்மூர் ரயில் நீலம் அடித்து, பக்கவாட்டில் அரிசி மணியைவிடச் சின்னதாக நம்பர் எழுதினார். ஒற்றை மயிர்த் தூரிகையால், மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதினார். நான் கூடத்தில் நடந்தால்கூட முறைப்பார். திருமுடிவாக்கத்தில் ஒரு கம்பெனியில் உதிரி பாகங்களை அளந்து பார்த்து, இது தேறும், இது தேறாது என்று சொல்கிற வேலை அவருக்கு. மயிரிழையை அளக்கிற மைக்ரோமீட்டரைப் பிடித்த கை என்று அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. எனக்கும் உண்டு, அவரிடம் சொன்னதில்லை.

வீடு வீடாகப் போய்ப் பாடுகிற எங்கள் சபையின் கேரல் ரவுண்ட்ஸ் எங்கள் வீட்டில்தான் தொடங்கும். கோயிலுக்குப் பக்கத்து வீடு என்பது ஒரு காரணம். ரயில் இன்னொரு காரணம். பாட்டும் ஜெபமும் முடிந்ததும் ரயில் ஓட வேண்டும், ஓடிய பிறகுதான் பிள்ளைகள் கேக்கில் கை வைப்பார்கள். அன்றைக்கு இருட்டியதும் வந்துவிடுவார்கள். ரயிலோ ஓடுவதாக இல்லை. கிறிஸ்துமஸுக்கு நாலு வாரம் முன்னால் அட்வென்ட் தொடங்கிய நாளிலிருந்தே அரைச் சுற்றுப் போகும், விக்கும், நிற்கும். மெர்வின் தினமும் வேலை விட்டு வந்து அதைப் பிரித்து மாட்டினார். முதலில் கரண்ட் சரியில்லை என்றார். அப்புறம் கொசுவத்திப் புகை. அப்புறம் நான் பெருக்குகிற தூசி. கடைசியில் எல்லாம் சுற்றி என் பஞ்சில் வந்து நின்றது. மரத்தின் பெட்டியைப் பிரித்ததே அந்த வாரம்தான், பஞ்சு அதற்கு முன்னால் எப்படிப் போய்ச் சிக்கும்? ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்பது இதுதான் என்று சொல்ல வாய் வரை வந்தது.

அன்று மத்தியானமும் எஞ்சின் பாதியில் நின்றது. "உன் பஞ்சுதான்" என்று துடைக்கிற துணியை வீசிவிட்டு, தண்டவாளம் துடைக்கிற ஸ்பிரிட் தீர்ந்துவிட்டது என்று ராஜகீழ்ப்பாக்கம் மெடிக்கலுக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போனார். எனக்கு மண்டைக்கு ஏறியது. நானும் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறவள்தான். மோட்டாரை போர்டில் படம் போட்டுச் சொல்லித்தருகிறவள் வீட்டில் அதைத் தொடக்கூடாதாம். என் பஞ்சு குற்றவாளியா இல்லையா என்று இன்றைக்கே பார்த்துவிடுவது என்று உட்கார்ந்தேன்.

எஞ்சினைக் கவிழ்த்ததும் முதலில் கண்ணில் பட்டவை திருகாணிகள். ஒவ்வொன்றைச் சுற்றியும் நீலப் பெயின்ட்டில் கீறல்கள், ஸ்க்ரூடிரைவர் வழுக்கி வழுக்கி இழுத்த கோடுகள். தன் பொருளில் நகம் படவிடாத மனிதர் இவர். மேல்மூடியைக் கழற்றினேன். உள்ளே தேடித் தேடிப் பார்த்தும் ஒரு இழை பஞ்சு இல்லை. எண்ணெய்தான் இருந்தது. மோட்டார், பற்சக்கரம், கரண்டை எடுத்துக்கொடுக்கிற கார்பன் துண்டு, எல்லாம் எண்ணெயில் குளித்து, கார்பன் கரைந்து கறுப்புச் சேறாகக் கிடந்தது. சக்கரம் வழியாக அது தண்டவாளத்துக்கும் போயிருக்கிறது. பிறகு எப்படி ஓடும்?

"ஒரு சொட்டு. ஊசி முனையில தொங்குற சொட்டு. ரெண்டு விட்டா எஞ்சினுக்கு விஷம்." இதை மெர்வின் சொல்லக் கேட்டுக் கேட்டே எனக்குத் தலை நரைத்தது. கேரலுக்கு வருகிற பிள்ளைகளுக்குக்கூட மனப்பாடம். அந்த மனிதரா இப்படி ஊற்றினார்? கீழே விரித்திருந்த செய்தித்தாளைப் பார்த்தேன். அதிலும் இங்கொன்றும் அங்கொன்றுமாக எண்ணெய்ச் சொட்டுகள். ஊசி ஒரு இடத்தில் நின்றிருந்தால் இப்படித் தெறித்திருக்காது.

கொஞ்ச நாளாக நடந்ததெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. டவராவில் காபி வேண்டாம், மூடி போட்ட மக்கில் கொடு என்று கேட்டது. பட்டன் சட்டையை விட்டுவிட்டு வீட்டில் எந்நேரமும் டி-ஷர்ட். ஆராதனையில் வேதபாடம் வாசிக்கப் போதகர் ஐயர் கூப்பிட்டபோது, கண்ணாடி மாற்ற வேண்டும் என்று மறுத்தது. அந்தக் கண்ணாடியை இன்று வரை மாற்றவில்லை. எல்லாம் என் கண் முன்னால்தான் நடந்தது. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இத்தனை நாளும் என் பஞ்சைத் திட்டிக்கொண்டிருந்தாரே, ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன?

வண்டி வந்து நின்றது. பிரித்துக் கிடந்த எஞ்சினைப் பார்த்து மெர்வின் வாசலிலேயே நின்றார்.

"யார் தொறக்கச் சொன்னா?"

"உள்ள பஞ்சு இல்லைங்க. எண்ணெய்தான் இருக்கு."

"வெயிலுக்கு இளகி ஓடியிருக்கும்."

டிசம்பர் மாதம், வெளியே தூறிக்கொண்டிருந்தது. நான் அவர் கையிலிருந்த ஸ்பிரிட் பாட்டிலை வாங்கி, காது குடைகிற பஞ்சுக் குச்சியால் துடைக்க ஆரம்பித்தேன். அவர் தடுக்கவில்லை, உட்காரவும் இல்லை. என் தலைக்கு மேல் அவர் மூச்சு கேட்டது. கார்பனைத் தாங்குகிற ஸ்பிரிங்கைத் திரும்ப வைக்க வேண்டிய இடத்தில் குனிந்து கையை நீட்டினார். நீட்டிய கையை அவரே பார்த்தார். பிறகு அதை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். புருவம் திருத்துகிற என் இடுக்கியால் ஸ்பிரிங்கை வைத்தேன். ஊசி முனையில் ஒரு சொட்டைத் தொங்கவிட்டு அச்சில் தொட்டேன்.

"போதும்" என்றார்.

"டாக்டரைப் பாத்தீங்களா?"

"எதுக்கு?"

"கம்பெனில தெரியுமா?"

அவர் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார். தெரிந்தால் மைக்ரோமீட்டரை வாங்கி இன்னொருவர் கையில் கொடுத்துவிடுவார்கள், அது எனக்கும் தெரியும். ஆனால் நான் கம்பெனியா? வாளியில் தண்ணீர் விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு எஞ்சினைத் தண்டவாளத்தில் வைத்து, வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற குமிழைத் திருப்பினேன். வழுக்கிக்கொண்டு போனது. தீர்ப்பு எனக்குச் சாதகமாக வந்துவிட்டதால் பஞ்சை எடுத்து மரத்தடியில் மறுபடியும் பரப்பினேன். ஜெயித்த சந்தோஷம் ஒன்றும் இல்லை.

இருட்டியதும் கிட்டாரும் தம்பூரினுமாக வந்து இறங்கினார்கள். பாட்டுக்குழுத் தலைவர் ஜாய்சன், பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள், வேர்த்துக் கொட்டுகிற முகமூடிக்குள் ஒரு கிறிஸ்துமஸ் தாத்தா. பாட்டுச் சத்தம் கேட்டு எதிர்வீட்டுத் தாயாரம்மாளும் வந்து சோபாவில் உட்கார்ந்தாள். இந்தத் தெருவில் பாதி ஒரு காலத்தில் அவள் குடும்பத்து நிலம். கேரல் என்றால் அவளுக்கு இந்த ரயில்தான். பாடி, ஜெபித்து முடித்ததும் "அங்கிள், ட்ரெயின்" என்று பிள்ளைகள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். ஜாய்சன், "ஓட்டுங்கண்ணா" என்றார். மெர்வின் என்னைப் பார்த்தார். நான் ஓட்டுகிறேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் வாயால் வரட்டும் என்று எனக்கு ஒரு வீம்பு.

அவர் தரையில் உட்கார்ந்து குமிழைப் பிடித்தார். ரயில் கிளம்பியது. ஓடியது என்று சொல்ல முடியாது. உதறியது. அவர் விரல் ஆடுகிற ஆட்டமெல்லாம் கம்பி வழியாகப் போய், எஞ்சின் துள்ளித் துள்ளித் தடுமாறியது. பெட்டிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன.

"இன்னா எப்சிம்மா, பஞ்ச கொட்டி பனின்னு வச்சுகீறே, ரயிலு குளுர்ல நடுங்கிகினு கீது பாரு" என்றாள் தாயாரம்மாள்.

எல்லோரும் சிரித்தார்கள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மெர்வினும் சிரித்தார், அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. சிரித்துக்கொண்டே குமிழிலிருந்து கையை எடுத்து மடிக்குள் வைத்துக்கொண்டார். எடுத்த மறுநொடி ரயில் நிதானமானது. ஒரு குலுக்கல் இல்லாமல் மரத்தைச் சுற்றி வர ஆரம்பித்தது. பிள்ளைகள் கைதட்டிவிட்டுக் கேக்குக்கு ஓடினார்கள்.

அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும் என்று ஜாய்சன் எல்லோரையும் கிளப்பிக்கொண்டு போனார். தாயாரம்மாளும் முறுக்குப் பொட்டலத்தோடு எழுந்து போனாள். கேட் சாத்துகிற சத்தம் கேட்டது. ரயில் சுற்றிக்கொண்டே இருந்தது. இத்தனை நேரம் அதை அவர் ஓட விடமாட்டார், மோட்டார் சூடாகிவிடும் என்பார். அவர் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழவில்லை. நான் கேக் தட்டுகளைப் பொறுக்கினேன். கீழே சிந்திய தூளைக்கூடப் பொறுக்கினேன்.

"எப்சி."

"ம்."

"நீ நிறுத்திடு. எனக்கு வரல."

இதைத்தான் அவரிடமிருந்து பிடுங்கிவிட வேண்டும் என்று இருந்தேன். வந்துவிட்டது, இப்போது என்ன செய்வதென்று தெரியவில்லை. தட்டுகளைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்து குமிழைப் பிடித்தேன். என் விரல் அசையாமல் நின்றது. ரயில் மரத்துக்குப் பின்னால் போய் மறைந்து, பஞ்சுக்குள்ளிருந்து விளக்கோடு எங்களை நோக்கி வந்தது. அந்தச் சின்ன நம்பர் தெரிகிற அளவுக்குப் பக்கத்தில் வந்தது. நிறுத்த மனம் வராமல், இன்னொரு சுற்று போகவிட்டேன்.