பால் பொங்காத பங்களா

1974ஆம் ஆண்டிலிருந்து ஈப்போ நகரின் வீடுமனை வியாபாரி லியோனார்டுக்கு நான்கு பங்களாக்கள் இருந்தன. நான்கும் ஒரே பங்களா. சிலிபினில் ஒன்று, தஞ்சோங் மாலிமில் ஒன்று, கடல் காற்று வாங்கப் பாகான் டத்தோவில் ஒன்று, துண்டு போட்டு விற்கப்பட்ட, ஏழாவது மைலில் இருக்கும் ஏழாங்கட்டை ரப்பர் தோட்டத்தில் ஒன்று என்று அவர் பார்த்தவரிடமெல்லாம் சொல்லிவைத்தார். எந்த ஊரைச் சொல்லிப் பெருமையடித்தாரோ, விருந்தாளியின் கார் போய்ச் சேருமுன் பங்களா அங்கே போய் நின்றுவிடும். உள்ளே அவர் மனைவி ஹில்டாவும் இருப்பாள். சிலிபினில் அடுப்பேற்றிய மீன் குழம்பை அவள் தஞ்சோங் மாலிமில் இறக்குவாள். பின்கட்டுக் கொடியில் காலையில் போட்ட துணியில் மாலையில் உப்பு பூத்திருக்கும். தபால்காரர் வரும்போது வீடு இருக்காது. சொந்தத் தம்பியின் கல்யாணப் பத்திரிகைகூட அவள் கைக்கு வரவில்லை. வாசலில் நட்ட மல்லிகை எந்த மண்ணிலும் வேர் பிடிக்கவில்லை.

வெள்ளைச் சப்பாத்து, தங்கக் கடிகாரம், மெர்சிடிஸ் கார் என்று லியோனார்ட் ஈப்போவை வலம் வந்த காலம் அது. மனிதனிடம் நிஜமாகவே என்னதான் இருக்கிறது என்று கோப்பிக்கடைகளில் வருஷக்கணக்காகப் பேச்சு நடந்தது. எல்லாம் வாயால் கட்டிய பங்களா என்று சொன்னவர்களும் அவர் காரைக் கண்டதும் எழுந்து நின்றார்கள்.

1983இல், அவருக்குக் கடன் அள்ளிக் கொடுத்திருந்த வட்டிக்கடை வயிரவன் செட்டியாருக்குச் சந்தேகம் வந்தது. மனைவி நாச்சியம்மையைக் கூட்டிக்கொண்டு ஒரே நாளில் மூன்று பங்களாக்களைப் பார்த்துவந்தார். மூன்றிலும் கூரையில் ஒரே இடத்தில் ஒரே ஈரக்கறை. நாச்சியம்மை அடுக்களைக்குள் போனார். அங்கே ஹில்டா, காலையில் சிலிபினில் பாதி நறுக்கிய வெங்காயத்தின் மீதியைப் பாகான் டத்தோவில் நறுக்கிக்கொண்டிருந்தாள். நாச்சியம்மை அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குடிபுகுந்தபோது பால் காய்ச்சினார்களா என்று மட்டும் விசாரித்தார். ஹில்டா நடந்ததைச் சொன்னாள். பாதிரியார் வந்து தீர்த்தம் தெளித்தார், பாலும் ஏற்றினாள், நுரை கட்டி மேலே வரும் நேரத்தில் புது அடுப்பு கறையாகிவிடும் என்று லியோனார்ட் பாத்திரத்தை இறக்கிவிட்டார். அந்தப் பாலில் வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கலக்கினார்கள்.

"பொங்கவே இல்லியா? அப்ப எங்க நிக்கணும்னு வீட்டுக்கு எப்படித் தெரியும், ஹில்டா?" என்றார் நாச்சியம்மை.

செட்டியார் கிளம்பும்போது, வரும் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு நான்கு ஊரிலும் நான்கு ஆட்களை நிறுத்தப்போவதாகச் சொன்னார். லியோனார்ட் அவர் முன்னால் வாய்விட்டுச் சிரித்தார். அவர் போனதும் ஹில்டாவைக் கூப்பிட்டார். வெள்ளிக்கிழமை டெலிபோனில் தெரிந்தவர்களிடம் நான்கு ஊரையும் மாற்றி மாற்றிப் புகழப்போவதாகவும், வீடு ஓடுகிற ஓட்டத்தில் கண்ணாடிச் சாமான் உடையாமல் அவள் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார்.

வீடு நின்றால் புருஷன் விழுவார் என்று ஹில்டாவுக்குத் தெரியும். அவரை நினைத்தால் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் ஒன்பது வருஷமாகத் தனக்கென்று ஒரு வாசல் இல்லாத ஆத்திரம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை பங்களா, லியோனார்ட் முதல்நாள் கடைசியாகப் புகழ்ந்த ஏழாங்கட்டையில் நின்றது. அந்தத் துண்டு நிலம், தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த அவள் அப்பா ஓய்வுப் பணத்தில் வாங்கி அவள் பேரில் எழுதிவைத்தது. நான்கில் செட்டியாரிடம் அடகு போகாத மண் அது ஒன்றுதான். லியோனார்ட் கூடத்தில் டெலிபோனை எடுத்துப் பாகான் டத்தோ காற்றைப் புகழ ஆரம்பித்தார். அலமாரியில் கண்ணாடி டம்ளர்கள் கிணுகிணுத்தன. ஹில்டா அவற்றைப் பிடிக்கப் போகவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் கைகட்டி நின்றாள். பால் நுரைத்து ஏறி, விளிம்பு தாண்டி, அடுப்பெல்லாம் வழிந்து தரையைத் தொட்டது. வீடு ஒருமுறை முனகிவிட்டு, வேலை முடிந்து வந்தவன் பாயில் உட்காருவதுபோல உட்கார்ந்தது.

"ஹில்டா, பாகான் டத்தோ போகணும்லா," என்று லியோனார்ட் அடுக்களை வாசலில் வந்து நின்றார்.

"நீங்க போங்க. வீடு வராது."

பத்து மணிக்குச் செட்டியாரின் ஆட்கள் மூன்று பேர் லாலான் புல்லுக்கு நடுவே நின்றார்கள். நான்காவது ஆளுக்கு ஹில்டா தேத்தண்ணி கொடுத்தாள். செட்டியார் மூன்று புல் மனைகளையும் காரையும் கடிகாரத்தையும் எடுத்துக்கொண்டார். வீட்டைத் தொட முடியவில்லை. அந்த மாதமே தபால்காரர் ஒன்பது வருஷக் கடிதங்களைச் சாக்கில் கட்டிக் கொண்டுவந்தார். மல்லிகை வேர் பிடித்தது.

லியோனார்ட் சைக்கிளில் போய் இன்சூரன்ஸ் பிடித்தார். பழக்கதோஷத்தில் தினமும் காலையில் ஜன்னலைத் திறந்து, "இன்னிக்கு எந்த ஊரு?" என்று கேட்பார். "நம்ம ஊருதான்," என்பாள் ஹில்டா. 1986இல் ஒரு காலை அவர் கேட்கவில்லை. ஹில்டா கொல்லையில் இருந்தாள். அடுப்பில் பால் நுரை கட்டி ஏறிக்கொண்டிருந்தது. அவள் ஓடிவந்து பாத்திரத்தைப் பிடிக்கப் போனபோது, பக்கத்திலேயே நின்றிருந்த லியோனார்ட் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வுடு, பொங்கட்டும்," என்றார்.

பிறகு துணியை நனைத்து அவரே அடுப்பைத் துடைத்தார்.