கழுத்தில் தொங்கிய அக்கா

நாயகத்துக்குக் கழுத்தில் மாட்டும் வழிசொல்லிப் பெட்டி கிடைத்த அன்றிலிருந்து அவன் அக்கா ஆவுடைக்குக் குரல் கிடையாது. பெட்டிக்கு ஒரு குரல் வேண்டும், கூட வந்தவர்தான் கொடுக்க வேண்டும், அதுதான் முறை. நாயகத்துக்கு நாற்பது வயது நெருங்கியும் வழி மட்டும் மனசில் தங்காது. ஒரு திருப்பத்தைப் பிடித்தால் முந்தின திருப்பம் நழுவிவிடும். அதனால் பெட்டி கொடுக்கும் முகாமில் ஆவுடை வாயைத் திறந்து காட்டினாள், எடுத்துக்கொண்டார்கள். குரலோடு ஒட்டி வரும் பயத்தைச் சலித்துவிட்டுத்தான் பெட்டியில் அடைப்பார்கள். அன்றைக்குச் சாப்பாட்டு நேரமாகிவிட்டதால் சலிக்காமலே அடைத்துக் கொடுத்துவிட்டார்கள்.

முதலில் நன்றாகத்தான் இருந்தது. நாயகம் அப்பளக் கம்பெனிக்குத் தனியாகப் போனான், தனியாக வந்தான். டீக்கடையில் தானே கேட்டு வடை வாங்கித் தின்றான். அதுவரைக்கும் அவனுக்கு என்ன வேண்டுமென்று அக்காவிடம்தான் கேட்பார்கள்.

பிறகு பெட்டி ரயில்வே கேட்டைக் கண்டு பயந்தது. சுற்றிப் போகச் சொன்னது. கறுப்பு நாய் படுத்திருக்கும் தெரு வேண்டாமென்றது. நாள் போகப்போக வேண்டாத தெருக்கள் கூடிக்கொண்டே வந்தன.

"என்னப்பா, திருச்செந்தூர் போயிட்டா வாரே?" என்றார் கம்பெனி மேஸ்திரி. இனியும் பிந்தினால் வரவே வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்.

வீட்டிலோ ஆவுடைக்குப் பயமே இல்லை. கிணற்றுச் சுவரில் உட்கார்ந்து, காலை உள்ளே தொங்கப்போட்டுத் தலை சீவினாள். நாயகம் அவள் கையைப் பிடித்து இழுத்தான். அவள் சிரித்தாள். சத்தம் வரவில்லை.

அன்று சாயங்காலம் வேலை முடிந்து திரும்புகையில் நாலுமுக்கில் பெட்டி நின்றுவிட்டது.

"எந்தப் பக்கமும் வேண்டாம்லே. இங்கனயே நில்லு."

"நின்னா இருட்டிரும்லாக்கா?"

"இருட்டும்."

பெட்டி அவன் நெஞ்சில் கிடந்து நடுங்கியது. கடைகளை ஒவ்வொன்றாக அடைத்தார்கள். கிணற்றுச் சுவர் ஞாபகம் வந்தது.

இடி இடிக்கும்போது அக்கா நடுங்கினால் அவன் அவள் காதைப் பொத்திக்கொண்டு, கண்ணில் பட்டதையெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பான். அதையே செய்தான். பெட்டியைச் சட்டைக்குள் விட்டு, இரண்டு கையாலும் பொத்திக்கொண்டான்.

"அக்கா, இது சலூன். கண்ணாடி இருக்கு. அந்தா மாவு மில்லு. மாவு வாசம் வருதுல்லா?"

ஒன்றைச் சொல்லி முடித்ததும் அடுத்ததை நோக்கி நடந்தான். முந்தினது நழுவினால் நழுவட்டும் என்று விட்டுவிட்டான். கேட்டைச் சொன்னான், கடந்தான். நாயைச் சொன்னான், அது தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது. சொல்லச்சொல்ல அவன் குரல் தேய்ந்துகொண்டே வந்தது.

வீட்டில் ஆவுடை கிணற்றுச் சுவர்மேல் எழுந்து நின்று உள்ளே குனிந்துகொண்டிருந்தாள். நாயகம் வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. சட்டைக்குள்ளிருந்து அவன் குரலில் பெட்டி சொன்னது:

"அக்கா, பின்னால ஒரு எட்டு வை. இறங்கு."

அவள் இறங்கினாள். கால் தரையில் பட்டதும் உடம்பெல்லாம் உதறியது. "ஐயோ," என்றாள், தன் குரலில்.

மறுநாள் ஆவுடை பெட்டியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, அதற்குள்ளிருந்து தம்பி குரல் பயந்து பயந்து சொன்ன வழியில், சுற்றிச்சுற்றிச் சந்தைக்குப் போனாள்.

நாயகம் தண்டவாளத்தின் நடுவே நடந்தான். பின்னால் வந்த ரயில் அவன் வேகத்துக்கே வந்தது. கேட்டில் அவன் தெருவுக்குத் திரும்பினான், ரயிலும் திரும்பியது. கம்பெனிக்கு நேரத்துக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்தான்.

மேஸ்திரி வாசலுக்கு வந்து பார்த்தார். அப்பளம் காயப்போடும் இடத்தை விட்டு ரயிலைக் கொஞ்சம் ஓரமாக நிறுத்தச் சொன்னார்.