மலபார் லெமனும் ஆட்டுக்கறியும்

என் வீட்டுக்காரர் கொட்வினுக்கும் எனக்கும் கலியாணம் கட்டிய நாளிலிருந்து நடந்த சண்டை ஒன்றே ஒன்றுதான்: உப்பு. எதைச் சமைத்து வைத்தாலும் முதல் வாய் வைத்தவுடன் தலையை ஒரு பக்கம் சாய்ப்பார். "உப்புக் கொஞ்சம் காணாது" என்பார். இல்லாவிட்டால் "உப்புக் கொஞ்சம் கூடிப்போச்சு" என்பார். சரியாக இருக்கிறது என்று ஒரு நாள் சொன்னதில்லை. "அப்ப நீங்களே சமையுங்கோவன்" என்று நான் கத்துவேன். மனிதன் அதைக் காதில் வாங்காமல் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொள்வார்.

2006ஆம் ஆண்டு தை மாதம் அவருடைய குடலில் புற்றுநோய் கண்டுபிடித்தார்கள். வெட்டி எடுத்தார்கள். பிறகு கீமோ தொடங்கியது. அதற்குப் பிறகு நான் என்ன சமைத்தாலும் ஒரு கரண்டி வாயில் வைத்துவிட்டு, "நல்லாயிருக்கு பிறேமா" என்று கோப்பையைத் தள்ளி வைத்தார். பிட்டு நல்லாயிருந்தது, கஞ்சி நல்லாயிருந்தது, ஒடியல் கூழ் மிகவும் நல்லாயிருந்தது. எல்லாவற்றையும் நான்தான் குப்பையில் கொட்டினேன். அந்த மரியாதையைப் பார்க்கத்தான் எனக்குப் பயம் வந்தது.

இங்கே யேர்மனியில், ஸ்ராலன் பூச்சந்தையில் பூப்பெட்டி ஏற்றுகிற வண்டி ஓட்டியவர் அவர். ஆள் நல்ல வாட்டசாட்டம். இப்போது காற்சட்டை இடுப்பில் நிற்க மறுத்தது. கறி தாளிக்கிற மணம் வந்தாலே ஓங்காளித்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவின் கீழ் துவாயைச் செருகிவிடுவார். டாக்டர் என்னைத் தனியாக அழைத்து, நிறை இன்னும் குறைந்தால் அடுத்த கீமோவை உடம்பு தாங்காது, நிறுத்த வேண்டி வரும் என்றார். ஆகவே என் வேலை ஒன்றுதான்: அந்த மனிதனைச் சாப்பிட வைப்பது.

அன்று ஆஸ்பத்திரி நடையில் சபீனா என்ற தாதி என் கையைப் பிடித்தாள். பசியைக் கிளப்புகிற ஒரு பூ இருக்கிறது, எல்லைக்கு அந்தப் பக்கம் ஒல்லாந்தில் விற்கிறார்கள் என்றாள். "நான் ஒன்றும் சொல்லவில்லை, நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவள் கஞ்சாவைச் சொல்கிறாள் என்று விளங்கியபோது நான் பஸ்ஸில் இருந்தேன். கோயில் பாடகர் குழுவில் முதல் வரிசையில் நிற்கிறவளிடம் சொல்கிற கதையா இது? இரண்டு தரிப்பு வரைக்கும் கோபமாக இருந்தேன். மூன்றாவது தரிப்பில் என் தம்பி வின்சன்றுக்குப் போன் எடுத்தேன்.

வின்சன்ற் கிறேஃபெல்டில் மரக்கறி வான் ஓட்டுகிறவன். இளமையில் மன்னாரில், பேசாலைக் கடலில், படகில் போனவன். இந்தியாவிலிருந்து படகுகளில் என்னென்ன வந்தது என்று அவனுக்குத் தெரியும். விஷயத்தைச் சொன்னதும், "அக்கா, இதுக்கெண்டேதான் கடவுள் என்னைப் படைச்சவர்" என்றான்.

சனிக்கிழமைகளில் மீனும் கோப்பியும் வாங்க நாங்கள் ஒல்லாந்து எல்லையிலுள்ள ஃபென்லோவுக்குப் போவது வழக்கந்தான். அந்தச் சனிக்கிழமை அவன் மீனோடு ஒரு சின்னப் பிளாஸ்ரிக் பையும் கொண்டுவந்தான். குசினிக் கதவைச் சாத்திவிட்டு எனக்குப் பாடம் நடத்தத் தொடங்கினான்.

"இதில ரெண்டு சாதி அக்கா. ஒண்டு கட்டை, அகண்ட இலை, குளிர்மலைப் பக்கத்தது. அதைத் திண்டா ஆள் கதிரையில விழுந்தா எழும்பாது. மற்றது நெட்டை, ஒல்லி இலை, வெய்யில் நாட்டுச் சரக்கு. அது ஆளை எழுப்பி இருத்தும். கதை வரும், சிரிப்பு வரும், பசி வரும். அத்தான் இப்பவே படுத்துத்தானே கிடக்கிறார், அதுதான் நெட்டைப் பக்கம் கூடின கலப்பாக் கேட்டு வாங்கினனான்."

"இதுக்கு ஒரு பேர் இருக்கே?"

"மலபார் லெமன். இதின்ர பூட்டி கேரளா மலைக்காரியாம். தாய்லாந்திலயும் மெக்சிக்கோவிலயும் சம்பந்தம் செய்திருக்கினம். அறுபதுகளில நீட்டுத் தலைமயிர்க்காரர் விதையைப் பொக்கற்றுக்குள்ள போட்டுக்கொண்டு வந்து இஞ்ச லைற்றுக்குக் கீழ வளத்தவங்களாம். நினைச்சுப் பாரன் அக்கா! நாங்கள் ஷோனெஃபெல்ட் எயார்போட்டில இறங்கி எத்தினை வருசம் விசாவுக்கு அலைஞ்சம்? இதுக்கு உடன ஏற்றுக்கொண்டிட்டாங்கள்."

பையைத் திறந்து மணந்து பார்த்தேன். எலுமிச்சந்தோலைக் கையில் கசக்கிய மணம். அதற்குப் பின்னால் திருநாள் பூசை முடிந்த பிறகு கோயிலுக்குள் நிற்கிற வாசம். அடியில் கொஞ்சம் மிளகு. மனசாட்சிக்கு விரோதமாகச் சொல்ல ஏலாது, நல்ல மணம்.

என் வீட்டுக்காரர் ஒரு நாளும் சிகரெட் தொட்டதில்லை. நாற்பத்தெட்டு வயதில் புகைக்கப் பழக்குவதற்கு எனக்கு விசரா? "கறிக்குள்ள போடுவம்" என்றான் வின்சன்ற். ஊரில் ஆம்பிளையள் ஆடு அடித்துச் சமைக்கிற நாளில் கறிக்குள் இலை போடுவார்கள்; இறைச்சி பஞ்சாக அவியும், பசியும் பிடிக்கும். எனக்கும் தெரிந்த விஷயந்தான். ஆட்டுக்கறி என்றால் இவருக்கு உயிர். பார்ப்போம் என்று தலையாட்டினேன்.

அடுத்த நாள் ஞாயிறு. வைகாசி மாதம் எங்கள் ஆட்கள் மாதா சொரூபத்தை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் செபமாலை சொல்லுவார்கள். அந்த ஞாயிறு எங்கள் முறை. செபக்குழுத் தலைவி டொறத்தி அக்காவிடம், வீட்டில் வருத்தக்காரர், இந்த முறை விட்டுவிடுங்கள் என்று கேட்டுப் பார்த்தேன். "வருத்தக்காரர் இருக்கிற வீட்டுக்குத்தான் மாதா முதல் வரவேணும்" என்றுவிட்டார். மாதா வந்தால் இருபது பேர் வருவார்கள். வந்தவர்களை மத்தியானச் சாப்பாடு கொடுக்காமல் அனுப்புகிற வழக்கம் எங்களிடம் இல்லை.

ஆகவே அடுப்பில் இரண்டு ஆட்டுக்கறி. வந்தவர்களுக்குப் பெரிய சட்டி, இவருக்குச் சின்னச் சட்டி. நான் முன் அறையில் மாதாவுக்குப் பூ வைத்துக்கொண்டிருந்த நேரம் வின்சன்ற் சின்னச் சட்டிக்குள் தன் கைவேலையைக் காட்டிவிட்டான். திரும்பி வந்து பையைப் பார்த்தேன். பாதி இல்லை.

"டேய், கடைக்காரன் எவ்வளவு போடச் சொன்னவன்?"

"பயறளவு எண்டவன். அவனுக்கு எங்கட சமையல் தெரியுமே? பேசாலையில ஒரு சட்டிக்கு ஒரு பிடி அக்கா."

பேசாலையில் போட்டது காய்ந்த இலை. இது லைற்றுக்குக் கீழ் ஊட்டி வளர்த்த பூ. ஊர்க் கணக்கை இங்கே கொண்டுவந்தால் இப்படித்தான் ஆகும். வந்த புதிதில் ஊர்க் கணக்குக்குத் தண்ணீர் விட்டு யேர்மன் மாவில் ரொட்டி சுட்டுப் பழுதாக்கியவர்கள்தானே நாங்கள்? அவனுடைய தலையில் ஒரு குட்டு வைத்தேன். இவருக்கு ஒரே ஒரு தேக்கரண்டி மட்டும் கொடுப்பது என்று முடிவெடுத்தேன்.

அப்போது அறைக்குள்ளிருந்து குரல் வந்தது. "பிறேமா, என்ன வாசம் அது?"

பயந்து ஓடினேன். ஓங்காளிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். துவாய் கதவின் கீழ் இல்லை. கட்டிலில் எழுந்து உட்கார்ந்து மூக்கை நிமிர்த்திக்கொண்டிருந்தார். "தேசிக்காய் மாதிரிக் கிடக்கு" என்றார். அதற்குள் வாசல் மணி அடித்துவிட்டது.

டொறத்தி அக்கா உள்ளே வந்ததும் மூச்சை நன்றாக இழுத்தார். "சாம்பிராணி போட்டிருக்கிறீர் என்ன? இப்பிடித்தான் இருக்கவேணும் வீடு" என்று என்னைப் பாராட்டினார். நான் சிலுவை போட்டுக்கொண்டேன். செபமாலை தொடங்கியது. எல்லாரும் இவருடைய அறைப் பக்கம் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். தை மாதத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் செத்த வீட்டுக்கு வந்த முகத்தோடுதான் வருவார்கள். மெதுவாகக் கதைப்பார்கள், நுனிக்கதிரையில் இருப்பார்கள். இவர் கதவைச் சாத்திக்கொண்டு இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

செபம் முடிந்து மாதாவின் முன் மெழுகுதிரியைச் சரிசெய்துவிட்டுக் குசினிக்கு வருகிறேன், டொறத்தி அக்கா எனக்கு முன்னாலேயே வந்து சாப்பாடு போட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். எங்கள் பெண்களுக்கு அடுத்த வீட்டுக் குசினி என்று ஒன்று கிடையாது. பெரிய சட்டி விளிம்புவரை நிறைந்திருந்தது. சின்னச் சட்டி வெறுமையாக ஓரத்தில் இருந்தது.

"கறி காணாது போலக் கிடந்தது பிறேமா. ரெண்டையும் ஒண்டாக் கலந்திட்டன்" என்றார்.

வின்சன்றைப் பார்த்தேன். அவன் சுவரோடு சுவராக நின்றான். முன் அறையில் கிறிஸ்ரியன் அண்ணை ஏற்கெனவே இரண்டாம் முறை கறி கேட்டுவிட்டார். கெவலார் மாதா கோயில் யாத்திரைக் குழுவின் தலைவர் அவர்; சிரித்து ஒருவரும் கண்டதில்லை. நான் என்ன செய்ய? வீட்டுக்கு வந்தவரிடம் சாப்பிடாதீர்கள் என்று எந்த வாயால் சொல்வது? "அண்ணை, இறைச்சி கூடினால் உங்களுக்குக் கொலஸ்ரோல்..." என்று தொடங்கினேன். அவர் மனைவி என்னைப் பார்த்த பார்வையில் நான் கஞ்சப்பிசினாறி ஆகிவிட்டேன். வின்சன்ற் ஒரு நல்ல காரியம் செய்தான். "கார் எல்லாத்தையும் தள்ளி விடவேணும், பக்கத்து வீட்டுக்காரன் பேசுறான்" என்று சொல்லி எல்லாருடைய சாவிகளையும் வாங்கி மாதாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தான்.

சாப்பாட்டுக்குப் பிறகு யாத்திரைக் கூட்டம் நடந்தது. ஆவணியில் கெவலாரில் ரோல்ஸ் விற்பதா வடை விற்பதா என்பது ஒவ்வொரு வருடமும் அடிபிடியில் முடிகிற கேள்வி. ஒரு மணித்தியாலம் ஒழுங்காகவே சண்டை பிடித்தார்கள். மலபார்க்காரி தோற்றுவிட்டாள் என்று நான் நினைக்கத் தொடங்கிய நேரம், கிறிஸ்ரியன் அண்ணை எழுந்து, "வடைக்கு ஏன் நடுவில ஓட்டை?" என்று கேட்டார். ஆள் கடுமையாகத்தான் கேட்டார். டொறத்தி அக்காவின் தோள் குலுங்கியது. கைக்குட்டையால் வாயைப் பொத்தினார். பிறகு கைக்குட்டையை எறிந்துவிட்டுச் சிரித்தார்.

அதோடு கூட்டம் குழம்பியது. கிறிஸ்ரியன் அண்ணை கண்ணீர் வழியச் சிரித்துக்கொண்டு, தான் ஷோனெஃபெல்டில் இறங்கிய கதையைச் சொன்னார். யேர்மனி குளிர் என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஆடி மாதத்தில் மூன்று காற்சட்டை போட்டு வந்தவராம். அவசரத்துக்குக் கழற்ற ஏலாமல் விமான நிலையக் கழிப்பறையில் நின்று அழுதவராம். இத்தனை வருடமும் அவர் மனைவிக்கே தெரியாத கதை. மனைவி நிலத்தில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தார். மூலையிலிருந்த ஒருவர் உதைபந்தாட்ட உலகக் கிண்ணம் இந்த முறை வத்திக்கானுக்குத்தான் என்றார். அதற்கும் சிரிப்பு.

பிறகு பசி வந்தது. மிஞ்சிய கறியும் சோறும் போயிற்று. பாணும் ஜாமும் போயிற்று. போத்தல் வெள்ளரிக்காய், நாளைக்கென்று வைத்த கேக், ஃபென்லோ மீனில் பொரித்துவைத்த துண்டுகள் எல்லாம் போயிற்று. டொறத்தி அக்கா அவிக்காத வெள்ளை ஸ்பார்கல் தண்டு ஒன்றைக் கடித்து, "கரும்பு மாதிரிக் கிடக்கு" என்றார். நான் யாருக்கு என்ன நடக்குமோ என்று ஓடி ஓடித் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை, நன்றாக இருந்தார்கள். இவ்வளவு பேருக்குப் பங்கு பிரிந்ததால் தப்பினோம்.

அறைக் கதவு திறந்தது.

இவர் சாரத்தோடு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். சிரிப்பு ஒரு கணம் நின்றது. எல்லாரும் செத்த வீட்டு முகத்தைத் தேடினார்கள், கிடைக்கவில்லை. கிறிஸ்ரியன் அண்ணை, "கொட்வின், இஞ்ச வாடாப்பா, வடைக்கு ஏன் ஓட்டை எண்டு நீ சொல்லு" என்றார்.

இவர் கொஞ்சம் யோசித்தார். "பாரம் குறைக்கத்தான். என்னைப் பாக்கேல்லையே? எனக்கும் வெட்டித்தானே எடுத்தவங்கள்" என்றார்.

வீடு சிரிப்பில் வெடித்தது. இவரும் சிரித்தார். வயிற்றுத் தையலைக் கையால் பொத்திக்கொண்டு அந்தக் கூட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்து சிரித்தார். தை மாதத்துக்குப் பிறகு அந்தச் சத்தத்தை நான் கேட்கவில்லை. இனிக் கேட்கமாட்டேன் என்றுகூட நினைத்திருந்தேன். சுற்றிப் பார்த்துவிட்டு, "எல்லாரும் திண்டுகொண்டிருக்கிறியள். எனக்கு ஒண்டும் இல்லையோ?" என்றார்.

குசினிக்குப் பறந்தேன். ஒன்றுமில்லை. பானை, பெட்டி, ஃபிரிட்ஜ் எல்லாம் வழித்துத் துடைத்தபடி கிடந்தன. ஞாயிற்றுக்கிழமை, இந்த நாட்டில் கடையும் பூட்டு. இத்தனை மாதம் காத்திருந்து மனிதன் வாய் திறந்து சாப்பாடு கேட்கிறார், இருபது பேர் சேர்ந்து என் வீட்டைத் தின்று முடித்துவிட்டார்கள். எனக்கு அழுகை வந்தது. பெரிய சட்டியைப் பார்த்தேன். அடியில் எண்ணெயும் தூளும் ஒட்டிக் கிடந்தது. சோற்றுப் பானையின் அடியில் பிடித்த காந்தலைக் கரண்டியால் சுரண்டி எடுத்துச் சட்டிக்குள் போட்டுப் பிரட்டினேன். இரண்டு பிடி வந்தது.

"அக்கா, அது அந்தச் சட்டி..." என்றான் வின்சன்ற்.

"நீ வாயைப் பொத்து" என்றேன்.

சட்டியோடு கொண்டுபோய் இவர் முன் வைத்தேன். குனிந்து மணந்தார். விரலால் ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டார். இன்னொரு வாய் எடுத்தார். மூன்றாவது வாய்க்குத் தலையை மெதுவாக ஒரு பக்கம் சாய்த்தார்.

"உப்புக் கொஞ்சம் கூடிப்போச்சு" என்றார்.

சொல்லிவிட்டு, சட்டி விளிம்பை விரலால் வழித்து நக்கினார்.

நான் மாதாவுக்கு முன்னால் நிலத்தில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். கறியே சாப்பிடாத நான் அழ, என்னைப் பார்த்து இருபது பேரும் சிரித்தார்கள். சட்டியை வழித்து முடித்துவிட்டு இவர் நிமிர்ந்து பார்த்தார். "உப்பைச் சொன்னா இவ எப்பவும் இப்பிடித்தான்" என்று கிறிஸ்ரியன் அண்ணையிடம் முறைப்பாடு சொன்னார். "இனிமேல் நீங்களே சமையுங்கோ" என்று அழுதுகொண்டே கத்தினேன். அவர் காதில் வாங்கவில்லை. இன்னும் சோறு இருக்கிறதா என்று சோற்றுப் பானைப் பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.