லாரிசா அறுத்த பசு

கால்நடை மருத்துவக் கல்லூரியில் மூன்றாம் வருடம் நானும் லாரிசா பாவ்லுக்கும் ஒரே வீட்டில் குடியிருந்தோம். கனடாவில், மானிட்டோபா மாகாண எல்லையை ஒட்டிய கார்வெல் என்ற சின்ன ஊரில் அவள் அப்பாவுக்கு மாட்டுப் பண்ணை. வகுப்பில் பாதிப் பேர் நகரத்தில் நாய், பூனை பார்த்துப் பிழைத்துக்கொள்ளலாம் என்றிருந்தவர்கள். லாரிசா அப்படியில்லை. படிப்பு முடிந்ததும் சொந்த ஊருக்கே போய் மாட்டு டாக்டராக உட்கார வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு எண்ணமே கிடையாது. பயிற்சிக் கொட்டிலில் பசுவுக்குள் தோள்வரை கையை விட்டு நின்றபடி, "எங்க ஊர்ப் பொண்ணுங்களுக்கு இதான்டி பியூட்டி பார்லர்" என்பாள்.

அந்த அக்டோபரில் எங்களுக்குப் பிரேதப் பரிசோதனைப் பயிற்சி. வந்ததெல்லாம் கோழிகளும் யாரோ செல்லமாக வளர்த்த முயலும்தான். பெரிய மாடு ஒன்றைத் தன் கையால் அறுக்காமலே பயிற்சி முடிந்துவிடுமோ என்று லாரிசா புலம்பிக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து, ஒரு கிழப்பசு இளைத்துக்கொண்டே வந்து செத்துவிட்டது என்று வீட்டிலிருந்து தகவல் வந்தது. வழக்கமாக அதை டிராக்டரில் கட்டி இழுத்துப் போய்ப் புதரோரம் போட்டுவிடுவார்கள். மிச்சத்தை நரிகள் பார்த்துக்கொள்ளும்.

அவர்கள் வீட்டில் அப்பாவை டாட்டோ என்பார்கள். லாரிசா போனில் கெஞ்சினாள்.

"டாட்டோ, நரிக்குப் போடாதீங்க. இங்க கொண்டாங்க, நானே அறுக்கிறேன்."

"செத்த மாட்டுக்கு இவ்வளவு தூரம் டீசல் ஊத்தச் சொல்றியா?"

"நான் வேலை செய்யறத நீங்க பாத்ததே இல்லையே."

அதற்காகவே அவள் அப்பா ஒரெஸ்ட் பாவ்லுக் வந்தார். டிரெய்லரில் செத்த பசு. அவரோ சர்ச்சுக்குப் போகிறவர்போல இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தார். எங்களுக்கென்று மனைவி கொடுத்தனுப்பிய உருளைக்கிழங்குக் கொழுக்கட்டைகளை ஒரு வாளி நிறையக் கொண்டுவந்திருந்தார்.

பரிசோதனைக் கூடத்தில் தடுப்புக் கம்பிக்கு அப்பால், தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார். லாரிசா கத்தியைத் தீட்டித் தொடங்கினாள். அவள் தோலை உரித்து, விலா எலும்புகளை வெட்டித் தூக்குவதை அவர் வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற என்னிடம், "எங்க ஊர்க் கசாப்புக்காரன் இவகிட்ட பிச்சை வாங்கணும்" என்றார்.

லாரிசா நுரையீரலை வெளியே எடுத்தாள். அதன்மேல் கட்டி கட்டியாக இருந்தது. ஒன்றைக் கீறினாள். உள்ளே மஞ்சளாக, கெட்டித் தயிர்போல. கத்தி மணலில் உரசுவதுபோல் நறநறத்தது. அவள் கை அப்படியே நின்றுவிட்டது. நாங்கள் எல்லோரும் புத்தகத்தில் பார்த்த படம்தான்.

எங்கள் பேராசிரியை டாக்டர் விட்காம் குனிந்து பார்த்தார். குரலை உயர்த்தவில்லை. "என்னன்னு நினைக்கிற, லாரிசா?"

லாரிசா அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். "காசநோயா இருக்கலாம்."

"எல்லாரும் பின்னால போங்க. முகமூடியைச் சரியாப் போடுங்க. யாரும் வெளிய போகக் கூடாது" என்றார் விட்காம்.

"என்னாச்சு லாரிசா?" என்றார் ஒரெஸ்ட்.

மாட்டுக்குக் காசநோய் என்று சந்தேகம் வந்தாலே அரசுக்குச் சொல்லியாக வேண்டும். விட்காம் அப்போதே போன் செய்தார். எங்களை விட்டதும், வண்டி நிறுத்துமிடத்தில் அப்பாவும் மகளும் நின்றிருந்தார்கள். நான் லாரிசாவின் கோட்டை எடுத்துக்கொண்டு போயிருந்தேன்.

"நிமோனியான்னு சொல்லிடேன்" என்றார் அவர்.

"டாக்டரும் பாத்துட்டாங்க டாட்டோ. பாக்கலன்னாலும் நான் சொல்லியிருக்கணும்."

"நரி தின்னுட்டுப் போயிருக்கும். நீதானே கொண்டாரச் சொன்ன?"

காலி டிரெய்லர் தடதடவென ஆட, அவர் ஓட்டிக்கொண்டு போனார்.

ஆய்வக முடிவில் காசநோய் உறுதியானது. மந்தையைச் சோதித்ததில் இன்னும் சில மாடுகளுக்கு இருந்தது. சட்டப்படி மொத்த மந்தையும் வெட்டுக்குப் போக வேண்டும். லாரிசா பள்ளியில் படிக்கும்போது புட்டிப்பால் கொடுத்து வளர்த்து, கண்காட்சியில் ரிப்பன் வாங்கிய ஸிர்கா என்ற பசுவுக்கு நோய் இல்லை. அதுவும் போக வேண்டும்.

வராதே என்று அம்மா சொல்லியும் மாடுகளை ஏற்றுகிற அன்று லாரிசா போனாள். நானும் கூடப் போனேன். ஒரெஸ்ட் எங்களைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தார். மாடுகள் அந்நியர் கைக்கு மிரண்டன. அதனால் லாரிசாவே இறங்கி, ஒவ்வொன்றாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டு லாரிப் பலகைமேல் நடத்தினாள். அவள் குரலை நம்பி அவை ஏறின. ஸிர்கா அவள் சட்டைப் பையை முகர்ந்துகொண்டே ஏறியது.

கடைசி லாரி நிரம்பியதும் ஒரெஸ்ட் வாய் திறந்தார்.

"கதவைச் சாத்துங்க, டாக்டர்."

பெற்ற மகளை அவர் 'நீங்க' போட்டுப் பேசி அன்றுதான் கேட்டேன். லாரிசா கதவைச் சாத்தினாள்.

அக்கம்பக்கத்துப் பண்ணைகளையும் சோதனை முடியும்வரை அதிகாரிகள் முடக்கிவிட்டார்கள். கன்று விற்கும் பருவத்தில் ஒரு கன்றும் வேலியைத் தாண்டவில்லை. "படிக்க வச்சாரு, நல்லாக் கிழிச்சுட்டா" என்று மளிகைக் கடையில் அவள் அம்மா காதுபடவே பேசினார்கள். கல்லூரியிலோ நேர் எதிர். இப்படி ஒரு மாணவியால்தான் நோய் பரவாமல் தடுக்கப்பட்டது என்று விட்காம் வகுப்பில் மனதாரப் பாராட்ட, எல்லோரும் கை தட்டினார்கள். லாரிசா எழுந்து கழிப்பறைக்குப் போய், வகுப்பு முடியும்வரை அங்கேயே இருந்தாள்.

பட்டமளிப்புக்கு அம்மா மட்டும் பஸ்ஸில் வந்தார். அப்பாவுக்கு முதுகுவலி என்றார். லாரிசா நம்பியதுபோல் தலையாட்டினாள்.

அதே வருடம் கார்வெலின் பழைய கால்நடை டாக்டர் ஓய்வு பெற்றார். லாரிசா விண்ணப்பித்தாள். நாளானால் கோபம் ஆறும், ராத்திரி கன்று சிக்கிக்கொண்டால் தன்னைத்தான் கூப்பிட்டாக வேண்டும் என்று நினைத்தாள். ஊர்ச் சமூகக் கூடத்தில் பண்ணைக்காரர்கள் கூடிப் பேசினார்கள். பின்வரிசையில் இருந்த அவள் அம்மா பிறகு நடந்ததைச் சொன்னார். பாவ்லுக் மகளை எடுக்கலாமா என்று தலைவர் கேட்டபோது, ஒரெஸ்ட் முகத்துக்காக யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லையாம். சிலர் சரியென்று சொல்லவும் தயாராக இருந்தார்களாம்.

மாடே இல்லாத ஒரெஸ்ட்தான் எழுந்தார்.

"வேற ஆளப் பாருங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

இப்போது லாரிசா நகரத்தில் பூனைகள் மட்டும் பார்க்கும் மருத்துவமனை ஒன்றில் இருக்கிறாள். கைராசிக்காரி என்று பேர். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்குப் போன் செய்கிறாள். அவர் எடுத்தால், "இரு, அம்மாகிட்ட குடுக்கறேன்" என்கிறார்.